ஓடாத நாள்

வைத்தியர் ஈசிஜித் தாளை மேசையில் விரித்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், இன்னைக்கி எதுல வந்தீங்க?" என்று கேட்டார்.

"பஸ்ஸிலை" என்றேன்.

பொய்யில்லை. ஆனால் அன்று விடிவதற்கு முன்பே குண்டசாலையிலிருந்து தெல்தெனிய வரை சைக்கிளில் போய்த் திரும்பி, குளித்து, சேலை உடுத்திய பிறகுதான் கண்டி பஸ் ஏறினேன் என்பதை நான் சொல்லவில்லை. அவர் என்னிடம் கணிதம் படித்த ஒரு மாணவியின் தம்பி. கண்டியிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் பிள்ளை. அக்காவின் டீச்சரை நோயாளியாக எதிரில் இருத்தி வைத்திருப்பதில் அவருக்குக் கொஞ்சம் கூச்சம் இருந்தது. அந்தக் கூச்சத்தை எனக்குச் சாதகமாக்கப் பார்த்தேன்.

"படபடப்பு ஒரு மாதமாத்தான். அதுவும் ஏத்தத்திலை மட்டும்."

"ஏத்தத்துல மட்டுமில்ல டீச்சர். இப்ப கதிரையில சும்மா இருக்கக்குள்ளயும் ஒங்கட ஹார்ட் ஒழுங்கில்லாமத்தான் துடிக்குது. இங்க பாருங்க."

தாளிலிருந்த கோட்டைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். முப்பது வருடம் பலகையில் வரைபு கீறியவளுக்கு அதில் விளங்காதது ஒன்றுமில்லை. சம இடைவெளியில் வரவேண்டிய முனைகள் ஓரிடத்தில் நெருக்கியடித்தும் ஓரிடத்தில் விலகியும் கிடந்தன. பிள்ளைகள் யாராவது அப்படிக் கீறியிருந்தால் அழித்துத் திரும்பக் கீறச் சொல்லியிருப்பேன்.

"நெறைய வருஷம், மிச்சம் தூரம் ஓடுற ஆக்களுக்கு இது வாறதுதான். குளிசை தாறன். இன்னும் ரெண்டு டெஸ்ட் செய்யணும். ஆறு கிழமைக்கு சைக்கிள் வேணாம்."

"ஆறு நாளோ?"

"ஆறு கிழமை, டீச்சர்."

"மெல்லமா, சமதரையிலை..."

"ஏறவே வேணாம்."

தலையை ஆட்டினேன். வெளியே வந்து குளிசை வாங்கி, பஸ் நிலையத்துக்கு நடந்தபோது என் கால்கள் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தன. இருபத்தெட்டு வருடமாக ஒரு நாளும் விடாமல் சைக்கிள் ஓடியவள் நான். ஆறு கிழமை என்றால் நாற்பத்திரண்டு நாள். பஸ்ஸில் ஏறி இருந்த பின்னும் அந்த எண்ணையே திருப்பித் திருப்பிப் பெருக்கிப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

நான் யாழ்ப்பாணத்துக்காரி. அங்கே பெண்பிள்ளை சைக்கிள் ஓடுவது ஒரு செய்தியே இல்லை. பள்ளிக்கூடம், டியூட்டரி, கோயில், சந்தை எல்லாம் சைக்கிள்தான். யுத்தத் தடையால் பெற்றோல் இல்லாமல் போன வருடங்களில் ஊரே சைக்கிளில்தான் நடமாடியது. இருபத்தாறு வயதில் ஆசிரியை வேலை கிடைத்துக் கண்டிக்கு வந்தபோது என் சைக்கிளைக் கொண்டுவர முடியவில்லை. வந்து மூன்று மாதத்துக்குள் கட்டுகஸ்தோட்டையில் ஒரு பழைய ஆண்கள் சைக்கிளை வாங்கினேன். முதல் நாள் ஏற்றத்தில் பாதித் தூரம் தள்ளிக்கொண்டு போனேன். சட்டையும் காற்சட்டையுமாக ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதைப் பஸ் தரிப்பிடத்தில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "அக்கே, கொஹெத யன்னே?" என்று ஒருவன் கத்தினான். அக்கா, எங்கே போகிறாய் என்று. எனக்குப் பதில் தெரிந்திருக்கவில்லை. திரும்பி வருவதற்காகப் போகிறேன் என்று சிங்களத்தில் சொல்லுமளவுக்கு அப்போது எனக்குச் சிங்களமும் வராது.

திருமணம் ஆகி, மகள் பிறந்து, அவள் நடக்கத் தொடங்கிய மாதத்திலிருந்து ஒரு கொப்பியில் எழுத ஆரம்பித்தேன். திகதி, இடம், கிலோமீற்றர். ஒரு வரிக்கு மேல் இல்லை. காய்ச்சலுடன் ஓடியிருக்கிறேன். அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை அன்றும் வீட்டிலுள்ளவர்கள் எழும்புவதற்குள் பதினைந்து கிலோமீற்றர் ஓடிவிட்டு வந்து தேங்காய் துருவியிருக்கிறேன். யுத்தத்தால் மூடிக் கிடந்த ஏ-நைன் பாதை திறந்த பிறகு பள்ளிக்கூட விடுமுறையில் கண்டியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இரண்டு நாளில் ஓடிப் போனேன். பெரியம்மா வீட்டு வாசலில் இறங்கியபோது, "ஏன் பிள்ளை, பஸ் இல்லையோ?" என்று கேட்டார்கள். கொரோனா ஊரடங்கு நாட்களில் வெளியே போக முடியாமல் வீட்டைச் சுற்றியிருக்கும் சீமெந்து நடையில் சுற்றினேன். ஒரு சுற்று முப்பத்தெட்டு மீற்றர். மூலைகளில் சுவரில் முழங்கை உரசித் தோல் போகும். ஐந்நூறு சுற்றுக்குப் பிறகு பக்கத்து வீட்டுப் பெண் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, தலைசுற்றவில்லையா என்று கேட்டாள். சுற்றாமல் இருந்தால்தான் சுற்றும் என்றேன். அவள் சிரித்தாள். நான் உண்மையைத்தான் சொன்னேன்.

யுத்தத்துக்குள் வளர்ந்ததால்தான் இப்படி என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணக்கு வாத்தியார் பலகைக்குத் திரும்பியதும் வாங்கிலிருந்து எழும்பி நின்றுவிடுவேன் என்று நாலாம் வகுப்பிலேயே முறைப்பாடு வந்திருக்கிறது. சும்மா இருக்கத் தெரியாத உடம்பு. அவ்வளவுதான்.

என் கணவர் நேர் எதிர். அரசாங்க அலுவலகமொன்றில் வரைபடம் கீறியவர். ஒரே கதிரையில் எட்டு மணித்தியாலம் இருந்து, ஒரு கோட்டை இழுத்துவிட்டு அடுத்த கோட்டைப் பற்றி யோசிக்கக்கூடியவர். நான் விடிய நாலரைக்கு எழும்பிக் கதவைத் திறக்கும்போது அவர் புரண்டு படுப்பார். திரும்பி வரும்போது விறாந்தையில் பேப்பருடன் இருப்பார். "வந்திட்டீரோ?" என்பார். இருபத்தெட்டு வருடத்தில் அவர் கேட்டது அதுமட்டும்தான். அவருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை என்று நான் நினைத்திருந்தேன்.

அன்று வைத்தியரிடம் போய்வந்ததும் விறாந்தையில் நின்றபடியே கேட்டார்.

"என்னவாம்?"

"ஒண்டுமில்லை. ஒரு கிழமை ஓய்வெடுக்கட்டாம்."

அந்தப் பொய் என் வாயிலிருந்து எவ்வளவு லேசாக வந்தது என்பதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ஆறு என்பதை ஒன்று என்று சொல்ல நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

முதல் நாள் வீட்டிலிருந்த மூன்று அலுமாரிகளையும் வெளியே கொட்டித் திரும்ப அடுக்கினேன். இரண்டாம் நாள் யன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். மூன்றாம் நாள் குசினியில் நின்று கறிவேப்பிலை ஆய்ந்தபோது வலது கால் தானாக நிலத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. கணவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். படுத்தால் தொடைத் தசை துடித்தது. விடிய நாலரைக்கு விழிப்பு வந்துவிடும். எழும்பக் கூடாது என்று கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன். வெளியே முதல் பஸ் கியர் மாற்றும் சத்தம் கேட்கும். அது எந்த வளைவில் மாற்றுகிறது, அந்த இடத்தில் வீதி எப்படிச் சரியும், அங்கே இந்த நேரத்துக்கு எந்த நாய் நிற்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். கணவரின் மூச்சு அவ்வளவு சீராக, அவ்வளவு மெதுவாக வருவதைக் கேட்டுக்கொண்டு கிடந்தபோது எனக்கு அவர் மேல் காரணமில்லாத கோபம் வந்தது. ஐந்தாம் நாள் அவர் பேப்பரை மடிக்கும் சத்தத்துக்காக அவரோடு சண்டை பிடித்தேன். ஏழாம் நாள் "ஒரு கிழமை முடிஞ்சுதே, ஓடலாமெல்லோ?" என்று அவரே கேட்டார். "இன்னும் ரெண்டு மூண்டு நாள் பாப்பம்" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் அப்படிச் சொல்லக்கூடிய ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரியாதா?

பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை. ஓய்வு பெற்றதிலிருந்து வெள்ளி தவறாமல் அவர் கண்டியிலுள்ள பிள்ளையார் கோயிலுக்குப் போவார். ஆறு மணி பஸ்ஸில் போனால் வீடு வரப் பதினொன்றாகும். முதல் நாளே நான் கணக்குப் போட்டுவிட்டேன். ஹுன்னஸ்கிரிய ஏறக்குறைய இருபத்தெட்டு கிலோமீற்றர். ஏறுவதற்கு இரண்டேகால் மணித்தியாலம், இறங்க ஒன்றேகால். பத்து மணிக்கு முன் வீட்டில் நிற்கலாம். குளித்து, உடுப்பைத் தோய்த்துப் பின்வளவில் காயப் போடவும் நேரமிருக்கும். அவர் கேட்டைச் சாத்திய சத்தம் கேட்டதும் சப்பாத்தை மாட்டினேன்.

முதல் பெடலை மிதித்த கணத்தை என்னால் சொல்லி விளக்க முடியாது. பத்து நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு விட்டதுபோல இருந்தது. திகனவைத் தாண்டும்போது என் சிநேகிதியின் சாப்பாட்டுக்கடை திறந்திருந்தது. தன் கணவர் காலமான பிறகு அவள்தான் கடையை நடத்துகிறாள். திகனவில் கலவரத்தில் முஸ்லிம்களின் கடைகள் எரிந்த வருடம் அவளுடைய கடையும் போனது. ஊரடங்கு தளர்ந்த அன்று காலை நான் அந்த வழியாக ஓடிவந்தபோது, முன்பின் தெரியாத ஒரு பெண் தனியாகக் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். சைக்கிளைச் சாத்திவிட்டு இன்னொரு தும்புத்தடியை எடுத்தேன். அன்றிலிருந்து பழக்கம். தினமும் திரும்பி வரும்போது அவளிடம் ஒரு பிளேன்டீ குடிப்பேன். எனக்கு நெஞ்சில் பிரச்சினை என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால் அன்று தலையைக் குனிந்துகொண்டு வேகமாகக் கடந்தேன்.

"டீச்சர்!" என்று ஒரு சத்தம் பின்னால் கேட்டது. கேட்காததுபோல மிதித்தேன்.

தெல்தெனிய தாண்டி ஏற்றம் தொடங்கியது. நீர்த்தேக்கத்தின் மேல் பனி ஒட்டிக்கொண்டிருந்தது. நெஞ்சு அமைதியாக இருந்தது. வைத்தியர் பிழையாகச் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் இன்னும் கொஞ்சம் வேகமாக மிதித்தேன். ஹுன்னஸ்கிரியவுக்கு இரண்டு மூன்று கிலோமீற்றர் இருக்கும்போது, தேயிலைச் சரிவை வெட்டிப் போகும் ஒரு வளைவில், நெஞ்சுக்குள் ஒரு மீன் துள்ளியது போலிருந்தது. பிறகு நிற்காமல் துள்ளியது. வீதியின் கறுப்பு வெளுத்துக்கொண்டு வந்தது. பிரேக்கைப் பிடித்தது ஞாபகம் இருக்கிறது. இறங்கியது ஞாபகம் இல்லை.

கண்ணைத் திறந்தபோது மதகுச் சுவரோரம் கிடந்தேன். என்னைச் சுற்றி நாலைந்து பெண்கள். தோளில் கூடை, இடுப்பில் சாக்கு. கொழுந்து பறிக்கப் போகும் வழியில் கண்டிருக்கிறார்கள். அவர்களில் என் வயதை ஒத்த ஒருத்தி என் தலையைத் தன் மடியில் வைத்திருந்தாள்.

"எந்திரிக்காதீங்கம்மா. அப்புடியே கெடங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

"எனக்கு ஒண்டுமில்லை. சைக்கிள்... சைக்கிள் எங்கை?"

"இந்தா கெடக்கு உங்க சைக்கிளு. அது எங்கயும் போகாது."

மற்றப் பெண்களைப் பார்த்து, "நீங்க மலைக்குப் போங்கடி, கங்காணி கேட்டா சொல்லுங்க" என்று அனுப்பினாள். தோட்டத்து லயத்தில் ஆட்டோ வைத்திருக்கும் ஒருவரைக் கூட்டிவர ஒருத்தி ஓடினாள். காத்திருந்தபோது அந்த அம்மா தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். அதில் பச்சைக் கொழுந்தின் வாசம் அடித்தது.

"உங்கள வருசக்கணக்கா பாக்குறோம்மா. மாசத்துக்கு ரெண்டு மூணு தடவ இந்தப் பக்கம் வருவீங்கள்ல?"

"ஓம்."

"நேத்திக்கடனா இருக்கும்னு நாங்க பேசிக்குவோம். ஏதோ சாமிக்கு வேண்டிக்கிட்டு ஓட்டுறாங்கன்னு. யாரோ பின்னாடி தொரத்திக்கிட்டு வர்ற மாதிரியே போவீங்க. ஒரு நாளும் நின்னு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பாத்ததில்ல. நேத்திக்கடனாம்மா?"

இல்லை என்று தலையசைத்தேன். வேறு என்ன என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை தெரியாது. அவள் சொன்னது உண்மை. அந்த வளைவை நான் நூறு தடவைக்கு மேல் கடந்திருப்பேன். அங்கே மதகுக்குக் கீழே ஒரு நீர்வீழ்ச்சி இருக்கிறது. அதன் சத்தத்தை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

"யாருக்கும்மா போன் போடணும்?" என் கைபேசியை எடுத்து நீட்டினாள்.

கணவரின் பெயர்தான் முதலில் இருந்தது. கையால் அதைத் தள்ளிவிட்டுச் சிநேகிதியின் எண்ணைக் காட்டினேன். அந்த நிலையிலும் நான் பதினொரு மணியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டோக்காரர் என்னைத் தெல்தெனிய ஆஸ்பத்திரியில் இறக்கினார். அந்த அம்மா கூடவே வந்து, என்னைத் தள்ளுகட்டிலில் ஏற்றும் வரை நின்று, சைக்கிளைத் தன் வீட்டில் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு அதே ஆட்டோவில் திரும்பினாள். சிநேகிதி ஏற்கெனவே வாசலில் நின்றாள். கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறாள். கையில் இன்னும் மா ஒட்டியிருந்தது.

"கூப்பிட்டனே டீச்சர். கேட்டும் கேக்காத மாதிரி போனீங்கதானே?"

"இவருக்குச் சொல்ல வேண்டாம்."

"நான் சொல்லிட்டேன்."

"ஏன்?"

"எனக்கு அப்படி ஒரு போன் வந்தது நேரம் பிந்தித்தான். அதால சொன்னேன்." தன் கணவரைச் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கியது.

ஊசி போட்டு, நெஞ்சில் வயர்களை ஒட்டி, துடிப்பு ஓரளவு ஒழுங்குக்கு வந்தபோது அவர் வந்தார். நெற்றியில் விபூதி. கையில் அர்ச்சனைப் பை. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார். சிநேகிதி கதிரையை அவருக்கு விட்டுவிட்டு வெளியே போனாள்.

"ஒரு கிழமை எண்டுதானே சொன்னனீர்?"

"ஆறு கிழமை."

"ம்."

ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். சண்டையில் நான் கெட்டிக்காரி. அவர் என் காலடிப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பிள்ளை டெங்குவிலை கிடக்கேக்கையும் நீர் ஓடப் போனனீர். ஆறு நாளும்."

எங்கள் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. கண்டி ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தாள். இரவெல்லாம் நான்தான் பக்கத்தில் இருப்பேன். விடிய அவர் வந்ததும் நான் வெளிக்கிட்டுப் போய் ஒன்றரை மணித்தியாலம் ஓடிவிட்டு வருவேன். கொப்பியில் அந்த நாட்களும் இருக்கின்றன.

"மூண்டாம் நாள் காலமை டொக்டர் வந்து, எண்ணிக்கை நல்லா விழுந்திட்டுது, ரத்தம் ஏத்த வேண்டி வரும், கையெழுத்து வையுங்கோ எண்டார். உம்மைக் கேட்டிட்டு வைப்பம் எண்டு பாத்தன். நீர் இல்லை. போனும் உம்மட்டை இல்லை. வாசலுக்கு வந்து வந்து பாத்தன். பிறகு நானே வைச்சன். என்ரை கையெழுத்தே எனக்குப் பிடிபடேல்லை."

"நான் வந்திட்டன்தானே..."

"ஓம், வந்தனீர். முழுக்க நனைஞ்சு வந்தனீர். பிள்ளையின்ரை நெத்தியைத் தொட்டுப் பாத்திட்டு, இண்டைக்கு நல்ல மழை எண்டனீர்."

இருபது வருடம். ஒரு தடவைகூட அவர் இதைச் சொன்னதில்லை. ஒவ்வொரு நாளும் விறாந்தையில் இருந்து "வந்திட்டீரோ?" என்று கேட்டபோதெல்லாம் அந்த ஆஸ்பத்திரி வாசலையும் சேர்த்துத்தான் கேட்டாரா? நான் அப்போது எனக்குச் சொல்லிக்கொண்ட நியாயம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஓடிவிட்டு வந்தால்தான் இரவு முழுக்க முழித்திருக்கப் பலம் வரும் என்பது. அது உண்மை. அந்த வார்டில் பிள்ளை வாடிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை என்பதும் உண்மை. இரண்டாவதை நான் யாருக்கும் சொன்னதில்லை. அன்று அவருக்குச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பையைத் திறந்து ஒரு வாழைப்பழத்தை உரித்து என் கையில் தந்தார்.

மகள் கொழும்பிலிருந்து அன்று பின்னேரமே வந்துவிட்டாள். அவளிடம் டெங்குக் கதையைச் சொல்லி, மன்னித்துக்கொள் என்று கேட்கப் பார்த்தேன். அவள் புரியாமல் பார்த்தாள். "எனக்கு அது ஞாபகமே இல்லையம்மா. ஆஸ்பத்திரியிலை ஐஸ்கிரீம் தந்தது மட்டும்தான் ஞாபகம்." எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. அந்த மூன்றாம் நாள் காலை அவளுக்குரியதல்ல, முழுக்க அவருக்குரியது. அவரிடம்தான் நான் கேட்க வேண்டும். கேட்டேன். "சரி, சரி, படுத்திரும்" என்றார்.

வைத்தியர் மறுபடி முதலிலிருந்து ஆறு கிழமை என்றார். இந்தத் தடவை கணவர் பக்கத்துக் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆறு கிழமையும் நான் நல்ல நோயாளியாக இருந்தேன் என்று எழுத ஆசைதான். இல்லை. சிடுசிடுத்தேன், வீட்டுக்குள் நடந்தேன், ஒரு நாளில் மூன்று தடவை விறாந்தையைக் கூட்டினேன். ஒரு மத்தியானம் வெறும் கோபத்தில் அழுதேன். ஆனால் ஏறவில்லை. ஏற நினைத்தாலும் சைக்கிள் மலையில் இருந்தது.

நாலாவது கிழமை ஒரு காலை, கணவர் சாரத்தை மாற்றிக் காற்சட்டை போட்டுக்கொண்டு எங்கேயோ வெளிக்கிட்டார். வெள்ளிக்கிழமையும் இல்லை. பின்னேரம் நாலு மணிக்குக் கேட்டடியில் மணிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். ஒரு முழங்காலில் மண்.

"பஸ்ஸிலை ஏத்தி வரலாமெண்டு பாத்தன். கொண்டக்டர் மாட்டன் எண்டிட்டான். அந்த அம்மா தேத்தண்ணி தந்தவ. சுகமோ எண்டு கேட்டவ."

"அப்ப எப்பிடிக் கொண்டு வந்தனீங்கள்?"

"இறக்கம்தானே. தெல்தெனிய வரைக்கும் ஓடினன். அங்காலை கொஞ்சம் தள்ளினன், கொஞ்சம் ஓடினன்."

பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற மாதங்களில் கூட, அவர் மூன்று கிலோமீற்றருக்கு மேல் சைக்கிள் ஓடியதில்லை. அன்று இருபத்தைந்து கிலோமீற்றர். அறுபத்தைந்து வயது. அந்த வளைவுகள். எதிரே வரும் லொறிகள். போனையும் மேசையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

"சொல்லாமல் கொள்ளாமல் இப்பிடிப் போறதோ? ஏதும் நடந்திருந்தால்?" என்று கத்தினேன்.

கத்தி முடித்த பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாதென்று கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய் முழங்காலுக்கு மருந்து எடுத்து வந்தேன்.

ஆறு கிழமை முடிந்து, மேலும் இரண்டு சோதனைகள் முடிந்து, வைத்தியர் இப்போது அனுமதி தந்திருக்கிறார். ஆனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இல்லை. பெரிய ஏற்றம் இல்லை. கையில் கட்டிய, இதயத் துடிப்பு எண்ணும் கருவி நூற்றுப் பத்தைக் காட்டினால் இறங்கி நிற்க வேண்டும். பேரம் பேசிப் பார்த்தேன். "டீச்சர், எங்க ராத்தாவுக்குத்தான் ஒங்களப் பாத்தா மிச்சம் பயம். எனக்குப் பயமில்ல" என்றார், தன் அக்காவைச் சொல்லி.

ஆகவே இருபத்தெட்டு வருடத் தொடர் முடிந்தது. கொப்பியில் ஓடாத நாளுக்கு என்ன எழுதுவதென்று முதலில் தெரியவில்லை. வெறும் வரியாக விட்டேன். வெறும் வரி கண்ணில் குத்தியது. பிறகு கொப்பி எழுதுவதையே விட்டுவிட்டேன்.

ஓடும் நாட்கள் நல்லவை. திகன வரை போய், சிநேகிதியின் கடையில் சைக்கிளைச் சாத்திவிட்டு, முன்புபோல் நின்றபடி அல்லாமல் கதிரையில் இருந்து பிளேன்டீ குடிக்கிறேன். "இருங்க, இன்னும் நூத்திப் பதினொண்ணு காட்டுது" என்று அவள் என் கையைப் பிடித்துக் கருவியைப் பார்த்து மிரட்டுவாள். ஓடாத நாட்கள்தான் பாடு. கால் இன்னும் துடிக்கிறது. நாலரைக்கு இன்னும் விழிப்பு வருகிறது. இதைப் பழகிவிட்டேன் என்று சொன்னால் இன்னொரு பொய் சொன்னவளாவேன்.

போன கிழமை ஒரு ஓடாத நாளில் கணவர், "வாரும், வாவியைச் சுத்தி நடப்பம்" என்றார். கண்டி வாவியைச் சுற்றி நடக்க வைத்தியர் தடை சொல்லவில்லை. பஸ்ஸில் போய் இறங்கி நடக்கத் தொடங்கினோம். அவர் நடை தெரியும்தானே. மீனைப் பார்ப்பார், கொக்கைப் பார்ப்பார், மதிலில் கையை வைத்து நிற்பார். நான் பத்தடி முன்னே போய் நின்று திரும்பிப் பார்ப்பேன். அவர் வந்து சேர்வார். திரும்பவும் பத்தடி. நாலைந்து தடவை இப்படி ஆனதும் கையைக் காட்டினார்.

"நீர் போம். நான் வாறன்."

"இல்லை, சேர்ந்து..."

"போமெண்டுறன்."

போனேன். வேகமாகத்தான் போனேன். கருவியைப் பார்த்துக்கொண்டு, நூற்றுப் பத்தைத் தொடாமல். முழு வாவியையும் சுற்றி வந்தபோது அவர் தொடங்கிய இடத்திலிருந்து முந்நூறு மீற்றர்கூடப் போயிருக்கவில்லை. ஒரு மரத்தடி வாங்கில் இருந்து, தண்ணீருக்குள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்த ஒரு ஆமையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் இருந்தேன். ஆமை அசையவில்லை. நானும் அசையாமல் இருந்து பார்த்தேன். ஒரு நிமிடம் இருக்கும். இரண்டு நிமிடம்கூட இருக்கலாம்.

"இன்னொரு சுத்துப் போட்டிட்டு வாறீரோ?" என்று அவர் ஆமையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

நான் ஏற்கெனவே எழுந்துவிட்டிருந்தேன்.